கனமான பெட்டி

சென்ற வாரத்து அத்தியாயம் வந்த பிறகு என்னைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பெரியவள் ஒரு லேப்டாப் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று. தொலைக்கலாம். கட்டட வரைபடம் வரைகிறவளுக்குப் பெரிய திரை வேண்டும், அந்தத் திரைக்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தத் தரத்தில் லேப்டாப் விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அவள் கடையை விட்டு வெளியே வந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் விட்டவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. படித்துவிட்டும் கேட்கிறார்களே, அவர்களோடுதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டின் மூத்த மகள் பெரியவள் வேலை பார்த்த அலுவலகம் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டது. இவள் போகவில்லை. வீட்டிலிருந்தே வரைபடம் வரைந்து கொடுக்கும் வேலைக்கு ஒரு பொறியாளர் அம்மாள் ஒருநாள் சோதனை வைத்தார். அன்று மதியம், படம் பாதி வரைந்திருந்தபோது, மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அப்புறம் கறுத்த திரையில் அவளுடைய முகம் மட்டும்.

வெடித்தது பவர் சப்ளை. கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் பக்குவமாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினட் வாங்கியபோது கூடவே சும்மா வந்தது. சும்மா வந்தது தானும் போய், மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போனது.

பொறியாளர் அம்மாள் இரக்கமில்லாதவர் அல்ல. வரும் திங்கட்கிழமை காலை வேறொரு படம் அனுப்புவதாகவும், மாலைக்குள் அது முடிந்து வர வேண்டும் என்றும் சொன்னார். கரண்ட் போச்சு, கம்ப்யூட்டர் போச்சு என்கிற கதையை இரண்டாவது தடவை கேட்க மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மற்ற எல்லாவற்றிலும் பெரியவள் சிக்கனம் பிடித்துவிட்டாள். கேபினட் பழையது. ராம் என்கிற நினைவகம் ஒரு தோழி கொடுத்தது. மதர்போர்டும் கைமாறி வருவதுதான். ஒரே ஒரு சாமானில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை என்று சபதமே எடுத்திருந்தாள். எந்தப் பவர் சப்ளை நல்லது, எது பெயருக்கு மட்டும் பெட்டி என்று ஒரு வாரமாகப் படித்தாள். படித்ததை எடுத்துக்கொண்டு நேற்று மாமாவின் கடைக்குப் போனாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். அவர் மேல்தட்டில் இருந்த விலை உயர்ந்தவற்றைக் காட்டவே இல்லை. கீழ்த்தட்டில் இருந்த மலிவானவற்றை அவளைத் தொடவும் விடவில்லை. நடுவிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வைத்தார். விளக்கு கிடையாது, படம் கிடையாது. வாட்ஸ் என்று போட்டிருந்த எண்ணும் அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாரண்டி மட்டும் வருஷக்கணக்கில் நீண்டது. அவள் படித்து வைத்திருந்ததும் அதே பெட்டிதான். கடையில் அது ஒன்றுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி ஞாயிறு காலை வரைதான்.

மதர்போர்டை வாங்கி வரப் போயிருந்தவள் திரும்பி வந்தபோது, மேசையில் சாம்பல் நிறப் பெட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன்மேல் சிறகை விரித்த ஒரு கழுகு. கழுகின் காலில் ஒரு மின்னல். அறுநூறு வாட்ஸ் என்று கழுகைவிடப் பெரிய எழுத்து.

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேல் சத்தமாக. அந்தச் சத்தத்தின் அர்த்தம் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா ஏதோ செய்துவிட்டார், அம்மா அதில் சம்பந்தப்பட விரும்பவில்லை.

அப்பாவின் தொழில் தராசு. கடைகளில் இருக்கிற தராசுகளைப் பழுது பார்த்து, எடை சரிபார்த்துக் கொடுப்பவர். முன்னறையில் அவருடைய பட்டறை. தட்டுத் தராசு, மேசைத் தராசு, எண் காட்டும் தராசு, எல்லாம் அங்கே வந்து படுத்திருக்கும். சோதனைக்கு வைக்கிற எடைக்கற்களைப் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாகப் பட்டுத்துணி போட்ட பெட்டியில் வைத்திருப்பார். இதைப் பெற்ற பிள்ளையே சொல்லியிருக்கிறாள்.

தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர். எதையும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். தவறுவது அபூர்வம். அதனால் வந்த வினைதான் இது.

நடந்தது இதுதான். காலையில் மேசையைத் துடைப்பதற்காக அவர் சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். கை திருப்திப்படவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்போதும் திருப்திப்படவில்லை. இரும்பும் செம்பும் இருக்க வேண்டிய பெட்டி இவ்வளவு லேசாக இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். அது மச்சான் கடைச் சாமான் என்பது நினைவுக்கு வந்ததும் சந்தேகம் போய்த் தீர்ப்பே வந்துவிட்டது.

அவருக்கும் மச்சானுக்கும் ஏழாம் பொருத்தம். எப்போதோ அக்காவுக்கு ஆசையாக மாமா கொண்டுவந்து கொடுத்த இஸ்திரிப் பெட்டி இரண்டாவது வாரமே சூடாக மறுத்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எது கெட்டுப் போனாலும் அதற்குப் பெயர் ‘உன் தம்பி கடைச் சாமான்’. ஒழுகும் குடைக்கும் அதே பெயர். மாமா குடை விற்றதே இல்லை.

அப்பா நேராக மச்சான் கடைக்குப் போயிருக்கிறார். நாலு பேர் நின்றுகொண்டிருந்த நேரம். பெட்டியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் ஏந்திக் காட்டி, காற்றை அடைத்து விற்கிற கடை இது என்று சொல்லியிருக்கிறார். நல்ல சாமானாக இருந்தால் கை தாழும், கனம் பார்த்து வாங்குங்கள் என்று நின்றவர்களுக்கு இலவச ஆலோசனை வேறு. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இழுப்பறையைத் திறந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேசாததையே அப்பா ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து கடைத்தெரு. கைத்தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே போயிருந்தார். ஒரு கடையில் இருந்த பவர் சப்ளைகளையெல்லாம் வரிசையாக எடை போட்டு, எல்லாவற்றிலும் கனமானதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரன் ஒவ்வொரு பெட்டியையும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தானாம். ஐயாவுக்கு விஷயம் தெரிகிறது என்று பாராட்டினானாம்.

இவ்வளவையும் அப்பாவே பெருமையாகச் சொன்னார். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து, மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரை கேட்டாள். கத்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். பெட்டியைத் திருப்பினாள்.

“அப்பா, இதை நான் மாட்ட மாட்டேன்.”

“ஏன், கனமா இருக்குன்னா?”

அவள் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். ஒவ்வொரு வோல்ட்டிலும் எவ்வளவு மின்சாரம் தரும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். கழுகைப் பார்க்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

“என்னோட கார்டு, புராசசர், எல்லாம் இந்தப் பன்னிரண்டு வோல்ட் லைன்ல இருந்துதான் இழுக்கும். பதினெட்டு ஆம்ப்னு போட்டிருக்கான். பெருக்குங்க, வாட்ஸ் வரும்.”

“இருநூத்திப் பதினாறு.” கணக்கென்றால் அவருக்கு வாய் நிற்காது. சொன்ன பிறகுதான் எதிராளிக்கு உதவி செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

“மேல அறுநூறுன்னு போட்டிருக்கே, மிச்சம் எங்க போச்சு?”

“அச்சடிக்கிறவன் தப்பா அச்சடிச்சிருப்பான். எழுத்தை யார் வேணாலும் அச்சடிக்கலாம். எடையை அச்சடிக்க முடியுமா?”

“அப்போ அந்த அறுநூறையும் யார் வேணாலும் அச்சடிச்சிருக்கலாம் இல்லையா?”

அப்பா பேச்சை மாற்றி, செம்பு கனம், தகரம் லேசு என்று ஆரம்பித்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. உள்ளே தடிமனான செம்புச் சுருளும் அகலமான அலுமினியத் தகடும் இருந்தால் பெட்டி கனக்கத்தான் செய்யும். பாதி சரியாகப் பேசுகிறவரோடு வாதாடுவதைவிடச் சுவரோடு வாதாடலாம்.

சண்டை அரைமணி நேரம் ஓடியது. முழுவதும் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் பக்கம் போதாது என்பார். இவள் இதைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். அவர் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை என்றார். காலையில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள். நாளைக்கு வெடித்தால் என் வேலை போய்விடும் என்றாள் இவள். வெடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே வாங்கி வந்தேன் என்றார் அவர். போன வாரம் அவள் கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்ததை முன்னறையிலிருந்து அவரும் பார்த்தவர்தான்.

கடைசியில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பிரிச்சுப் பாருங்க. இன்னும் எத்தனை நாழி இந்த எடைப் பேச்சைக் கேட்கிறது.”

பிரிக்க முடியாது, ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் வாரண்டி சீட்டைக் கிழித்தால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று பெரியவள் சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அப்பா தராசுக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியால் அதைக் கிழித்துவிட்டார். அவர் அவ்வளவு நிச்சயமாக இருந்தார்.

உள்ளே கை வைக்காதீர்கள், கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும் என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. மூடி கழன்றது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

குடித்தனக்காரர் காலி பண்ணிவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு செம்புச் சுருள். இன்னொரு பக்கம் காகிதம் மாதிரி இரண்டு தகடுகள். ஒரு விசிறி. அப்புறம், பக்கச் சுவரில், சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு பொருள், பசை போட்டு ஒட்டியிருந்தது.

“இது என்ன பாகம்?” என்று அம்மா கேட்டாள். அவள் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அப்பா இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். அதிலிருந்து எந்தக் கம்பியும் போகவில்லை, அதற்கு எந்தக் கம்பியும் வரவில்லை. வெறும் இரும்பு.

தராசுத் தட்டின் அடியில் ஈயத்தை ஒட்டி வைக்கிறவர்கள், மெழுகில் காந்தத்தைப் புதைக்கிறவர்கள் என்று அவர் கண்டுபிடித்த திருட்டுகளின் கதைகள் இந்த வீட்டுச் சுவர்களுக்கே மனப்பாடம். சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். எந்த இடத்தில் அவர் சிரிப்பார் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியும். அவ்வளவு பேரைப் பிடித்த மனிதர், அதே வித்தையைக் காசு கொடுத்து வாங்கி, பையில் போட்டு, பெருமையாக வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்.

அவர் இரும்பை நெம்பி எடுத்தார். பட்டறைக்குள் போனார். அவர்கள் இருவரும் சாப்பாட்டு மேசையிலேயே நின்றார்கள். தட்டில் இரும்பு வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“இதைக் கழிச்சுட்டுப் பார்த்தா, உங்க மாமா கடைப் பெட்டியைவிட இது லேசு.” இரும்பை மேசையில் வைத்துவிட்டு, “எடை பொய் சொல்லலம்மா. எதை எடை போடறேன்னு நான்தான் பார்க்கல” என்றார்.

பெரியவளுக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. நியாயமாகக் கத்த வேண்டிய நேரம் இதுதான். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? கத்தவும் விடாமல் பண்ணிவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் பட்டுக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“கிளம்புங்க. முதல்ல கடைத்தெரு, அப்புறம் மாமா கடை.”

கடைத்தெருவில் அதிக நேரம் ஆகவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டீர்களே ஐயா என்று அந்தக் கடைக்காரன் கையை விரித்தான். அப்பா குரலை உயர்த்தவில்லை. இரும்பை எடுத்து அவனுடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, இது எந்த உறுப்பு, எதற்கு உபயோகம் என்று விளக்கமாகச் சொல்லும்படி அமைதியாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. பணம் உடனே வந்துவிட்டது. பெட்டியைக் கொடுத்துவிட்டு இரும்பை மட்டும் அவர் பையிலேயே வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

அங்கிருந்து மாமா கடைக்கு. வழியில் ஒருமுறை அப்பா, நீ மட்டும் உள்ளே போய் வாங்கி வருகிறாயா என்றார். அவள் ஸ்கூட்டரை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

கடையின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் போல, அப்புறம் வரலாமே என்று அப்பா ஆசையாகச் சொன்னார். அவள் குனிந்து உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் குனிந்தார்.

உள்ளே ஒரே ஒரு வாடிக்கையாளர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், காலையில் நின்ற நாலு பேரில் ஒருவர். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அப்பா ஷட்டருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மனிதர் இரண்டு கையிலும் இரண்டு பெட்டிகளை ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி, தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இடக்கையில் கீழ்த்தட்டிலிருந்து எடுத்த மலிவான பெட்டி ஒன்று. வலக்கையில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. பெரியவளின் பெட்டி.

கல்லாவுக்குப் பின்னால் மாமா முகவாயில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா கணவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“இதோ, காலையில உங்களுக்குப் பாடம் எடுத்தவரே வந்துட்டார். அவர்கிட்டயே கேளுங்க” என்றார் ஸ்டுடியோக்காரரிடம்.

ஸ்டுடியோக்காரர் கண்ணைத் திறந்து சந்தோஷப்பட்டார். கல்யாணப் படமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அதனால் பார்த்து வாங்க வேண்டும் என்று நினைத்தாராம். இடது கைதான் தாழ்கிறது, ஆனால் கடைக்காரர் வலது கையை எடுக்கச் சொல்கிறார். ஐயா சொன்னால் சரியாக இருக்கும்.

இரண்டு பெட்டிகளும் அப்பாவின் மூக்குக்கு நேரே வந்தன.

பெரியவள் அப்பாவையே பார்த்தாள். இடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டுடியோக்காரர் கனமானதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வகையில் கடையில் மிச்சமிருக்கும் ஒரே பெட்டி தன் கைக்கு வந்துவிடும். நாளைய வேலையும் கைக்கு வந்துவிடும். அந்த நொடியில், சொல்லுங்கள் அப்பா என்று அவள் மனசு சொன்னதை நான் மறைக்க மாட்டேன். அவளும் மனுஷிதான்.

அப்பா பைக்குள் கையை விட்டார். இரும்பை எடுத்துக் கல்லா மேசையில் வைத்தார்.

“காலையில பேசினவன் முட்டாள். இதோ இதுதான் நான் வாங்கின கனம். பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருந்தான். நீங்க வலது கையை எடுத்துக்கங்க.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “இந்தக் கடையில மச்சான் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க” என்றும் சொன்னார்.

மாமாவின் கை முகவாயிலிருந்து இறங்கியது. இந்தக் கடைக்குள் அந்த மனிதர் வாயிலிருந்து மச்சான் என்ற வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை.

ஸ்டுடியோக்காரர் இரும்பைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார், சாம்பல் நிறப் பெட்டிக்குக் காசு கொடுத்தார், மனநிறைவோடு குனிந்து வெளியே போனார். போகும்போது அப்பாவுக்கு நன்றி வேறு சொன்னார்.

பெரியவள் அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையில் திருப்பிக் கொடுத்தார். இப்போது வேறொருவருக்கு விற்றே கொடுத்துவிட்டார். ஒரே பெட்டியை ஒரே நாளில் இரண்டு தடவை அவள் கையிலிருந்து பிடுங்க இவரால் மட்டும்தான் முடியும். செய்ததில் தப்பு சொல்லவும் இடமில்லை. அந்த ஆத்திரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது.

“மாமா, வேற இருக்கா?”

“மேல்தட்டுல இருக்கிறது உனக்குக் கட்டுப்படியாகாது. நான் உனக்குத் தரக்கூடியதுல அது ஒண்ணுதான் இருந்துச்சு. புதன்கிழமைக்கு மேலதான் வேற வரும்.” கொஞ்சம் தயங்கி, “வந்தா” என்றார்.

அந்த ‘வந்தா’வை அவள் அப்போது கவனிக்கவில்லை. நாளைக்குக் காலை என்கிற நினைப்பிலேயே இருந்தாள். அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அலமாரிகளில் அங்கங்கே பொக்கையாக இருந்தது. காலையில் ஆவேசத்தில் அவர் கண்ணில் இது படவே இல்லை.

மாமா எழுந்தார். ஷட்டரை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார். கல்லாவுக்குக் கீழே குனிந்து, கடைக்கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டரை நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“இதுலயும் அதே பெட்டிதான் போட்டிருக்கேன். போட்ட நாள்ல இருந்து ஒரு தடவைகூட மூச்சு நின்னதில்ல. எடுத்துட்டுப் போ.” ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் சேர்த்தார். நிமிராமலே, “விக்கிறதைத்தான் நானும் மாட்டிக்கிறேன் அத்தான். காலையிலயே சொல்லியிருப்பேன், நீங்க விட்டாத்தானே” என்றார்.

“நாளைக்குக் கடைக்கு?” என்றார் அப்பா.

மாமா பவர் சப்ளையை வெளியே எடுத்து, தூசியை ஊதினார். அதை அவள் மடியில் வைத்த பிறகுதான் பதில் சொன்னார்.

“இந்த மாசத்தோட கடையை மூடறேன். இருக்கிறதை வித்துட்டுச் சாவியைக் கொடுக்கணும். அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு, கையாலயே எழுதிக் கொடுத்துடலாம்.” இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்காவுக்குத் தெரியாது. நானே வந்து சொல்றேன். நீங்க சொல்லிடாதீங்க.”

பெரியவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். காலையில் இதே இடத்தில், இதே மனிதரை, காற்றை அடைத்து விற்கிறவன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்த பணத்தை மாமா வாங்க மறுத்தார். கைத்தராசு இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா முதலில் குனிந்து வெளியே போனார்.

வீட்டில் கம்ப்யூட்டரைப் பொருத்தி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பெரியவள் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை பார்த்தாள். அப்பா டார்ச் பிடித்தார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. அதுவே இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் எழுதி வைக்க வேண்டிய சம்பவம்.

சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, சத்தமே இல்லாமல். திரை வெளுத்தது. வரைபட மென்பொருள் திறந்தது. போன வாரம் பாதியில் செத்த படத்தையே மறுபடி எடுத்து, வேண்டுமென்றே எல்லா அறைகளையும் சுழற்றி, பெரிதாக்கி, சிறிதாக்கி, கார்டை நன்றாக இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே ஓடியது. நாளைக் காலைப் படம் வரலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த தோள் இறங்கியது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை, மாமாவின் ஷட்டர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அம்மாவுக்குத்தான் முழுச் சந்தோஷம். தம்பியும் கணவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்கிற செய்தியை மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பி என்ன சொன்னான், முகம் எப்படி இருந்தது, சாப்பிட்டானா என்று கேள்வியாய்க் கேட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் ம் என்றார். அப்புறம் அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள், அப்பா மறுபடி டார்ச் அடித்தார். ஒயர் தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் தொங்குகிற ஒயரைப் பழைய துணியால் கட்டி வைத்துவிட்டுத்தான் வருவாள்.

கட்டப் போன கை நின்றது.

பக்கப் பலகை இன்னும் போடாத கேபினட்டில், பவர் சப்ளையிலிருந்து வந்த ஒயர்கள் ஏற்கெனவே கட்டியிருந்தன. மஞ்சள் பூப்போட்ட பழைய திரைச்சீலையைக் கிழித்த துண்டு. இந்த வீட்டு ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை.

“இது நான் அவன் கடைக் கம்ப்யூட்டருக்குக் கட்டின துணியாச்சே.” அம்மா முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய முடிச்சுதான். தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து, முதலில் மகளைப் பார்த்தாள், அப்புறம் கணவரைப் பார்த்தாள். “இதைக் கழட்டிக் கொடுத்துட்டு நாளைக்கு அவன் கடையை எப்படி நடத்துவான்?”

பெரியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையிலிருந்த டார்ச்சை அணைக்க மறந்துபோய் நின்றார். வெளிச்சம் அம்மாவின் முகத்தின்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.